குளிர்கால வால்டோர்ஃப் வகுப்பு: முதலில் கை சூடாகட்டும்

ஜெர்மனியில் ஒரு வால்டோர்ஃப் பாலர் பள்ளியில் வேலை செய்கிறேன் என்றதும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அங்கே எழுத்தே சொல்லிக்கொடுக்க மாட்டார்களாமே, அப்புறம் நாள் முழுக்க பிள்ளைகள் என்னதான் செய்வார்கள்?" என்பதுதான். டிசம்பர், ஜனவரியில் இந்தக் கேள்வி இன்னும் நியாயமாகவே படும். காலை எட்டு மணிக்கும் சரியாக விடிந்திருக்காது, மாலை நாலரைக்கு இருட்டத் தொடங்கிவிடும், மூன்று முதல் ஆறு வயது வரை இருபது குழந்தைகள் ஒரே அறையில், டிவி கிடையாது, டேப்லெட் கிடையாது, பேட்டரி போட்ட பொம்மை ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் எங்களுக்கு நேரம் போதாமல்தான் போகிறது. என்ன செய்கிறோம், எப்படிச் செய்கிறோம் என்று இங்கே எழுதுகிறேன். இதே மாதிரி வகுப்பு நடத்துபவர்களுக்கும், குளிர் நாட்டில் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு முழிக்கும் பெற்றோருக்கும் பயன்படலாம்.

இந்த முறையைப் பற்றி இரண்டு வரி. 1919இல் ஷ்டுட்கார்ட் நகரில் வால்டோர்ஃப் அஸ்டோரியா சிகரெட் ஆலையை நடத்திய எமில் மோல்ட், தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்று தத்துவவாதி ருடால்ஃப் ஸ்டைனரைக் கேட்டுக்கொண்டார், அப்படித் தொடங்கியது இது. பாலர் வகுப்பு 1926இல்தான் வந்தது, அதை ஆரம்பித்தவர் எலிசபெத் குருனேலியஸ். ஸ்டைனரின் ஆன்மிகக் கொள்கைகளை எல்லாம் ஒப்புக்கொண்டால்தான் இதைச் செய்யலாம் என்றில்லை, எனக்கே அதில் பல சங்கதிகள் ஒத்துவராது. சின்னப் பிள்ளைகள் விளக்கிச் சொல்வதைவிடப் பெரியவர்கள் செய்வதைப் பார்த்துத்தான் அதிகம் கற்கிறார்கள் என்ற ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மீதி தானாக வரும்.

குளிர்காலத்துக்கு நான் வைத்திருப்பது ஒரே விதி. எதைத் தொடங்கும் முன்பும் பிள்ளையின் கையைத் தொட்டுப் பாருங்கள். கை ஜில்லென்று இருந்தால் மெழுகு இளகாது, மாவு பிசைய வராது, பொத்தான் மாட்ட வராது, சிடுசிடுப்பு மட்டும்தான் வரும். "இன்றைக்கு என்ன கைவேலை செய்யலாம்" என்று இணையத்தில் தேடுவதற்கு முன்னால் அந்தக் கையைச் சூடாக்கும் வழியைப் பாருங்கள்.

வெளியே கிளம்புவதே ஒரு பாடம்

புயல் எச்சரிக்கை இருந்தால் தவிர தினமும் வெளியே போகிறோம். குறைந்தது ஒரு மணி நேரம். இதில் பெரிய வேலை உடுத்துவதுதான், அதற்கே இருபது முப்பது நிமிடம் ஆகும், ஆகட்டும். அதை அவசரமாக முடித்துத் தள்ள வேண்டிய வேலையாகப் பார்த்தால் பெரியவர்களுக்கும் எரிச்சல், பிள்ளைகளுக்கும் அழுகை. நாளின் ஒரு நடவடிக்கை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி உள்சட்டை, உள்கால்சட்டை. அதன் மேல் கம்பளி ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றும் தண்ணீரும் புகாத உறை. பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் உடம்பைக் குளிர வைத்துவிடும். ஊரிலிருந்து வந்த புதிதில் நம்மவர்கள் நாலு பருத்திச் சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு அனுப்புவார்கள். பிள்ளைக்குக் கையை மடக்கக்கூட முடியாது, குளிரும் போகாது. கையுறையில் ஐந்து விரலும் தனித்தனியாக இருப்பதைவிட நாலு விரலும் ஒரே அறையில் கிடக்கும் மிட்டன்தான் நல்லது, விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும். இரண்டு மிட்டனையும் ஒரு நீளக் கயிற்றில் கட்டி, கோட்டின் கைகளுக்குள் ஓடவிட்டுவிடுங்கள். தொலையாது.

மூன்று வயதுக் குழந்தை தானே கோட்டுப் போட ஒரு வழி இருக்கிறது. கோட்டைத் திறந்து, உள்பக்கம் மேலே தெரியும்படி தரையில் விரியுங்கள். தொப்பிப் பக்கம் குழந்தையின் பாதத்தைத் தொட வேண்டும். அவ்வளவுதான், குழந்தை குனிந்து இரண்டு கையையும் கைகளுக்குள் விட்டு, அப்படியே தலைக்கு மேலே தூக்கிப் பின்னால் போட்டால் கோட்டு முதுகில் வந்து உட்காரும். முதல் இரண்டு மூன்று முறை தொப்பி முகத்தில் விழும், சிரிப்பார்கள், பிறகு உங்கள் உதவியே கேட்க மாட்டார்கள். ஒரு எச்சரிக்கை, தலைகீழாகப் போடத் தெரிந்துகொண்டதும் வீட்டிலும் எல்லாச் சட்டையையும் தரையில் விரிப்பார்கள். வரிசை முக்கியம்: முதலில் பனிக் கால்சட்டை, அப்புறம் பூட்ஸ், கோட்டு, தொப்பி, எல்லாம் முடிந்ததும் மிட்டன். மிட்டனை முதலில் மாட்டிவிட்டு ஜிப்பைத் தேடும் கூட்டம் ஒவ்வொரு வருடமும் உண்டு.

பனி இருந்தாலும் இல்லாவிட்டாலும்

படங்களில் பார்க்கும் மாதிரி தினமும் பனி கொட்டாது. தெற்கு ஜெர்மனியின் தாழ்வான நகரங்களில் பல குளிர்காலங்கள் மழையும் சேறுமாகவே போகும். பனி விழுந்த நாளில் மற்ற எல்லாத் திட்டத்தையும் ஓரமாக வைத்துவிட்டு வெளியே ஓடுங்கள். பூஜ்யம் டிகிரியை ஒட்டி விழும் ஈரப் பனிதான் உருண்டை பிடிக்கும். கடுங்குளிரில் விழும் பொடிப் பனியில் பனிமனிதன் செய்ய முயன்று பிள்ளைகள் நொந்துபோவார்கள், அன்றைக்குச் சறுக்குப் பலகை எடுங்கள், இல்லையென்றால் சின்ன மண்வெட்டிகளைக் கொடுங்கள். மண்வெட்டி உண்மையான மரக்கைப்பிடி வைத்ததாக, அவர்கள் உயரத்துக்கு ஏற்றதாக இருக்கட்டும். நீங்கள் பாதையில் பனியை வாரித் தள்ளுங்கள். "வாங்க, உதவி செய்யுங்க" என்று கூப்பிட வேண்டாம், பக்கத்தில் நாலு மண்வெட்டி சாய்த்து வைத்திருந்தால் போதும்.

பனி இல்லை, இரவில் உறைகிறது என்றால் ஐஸ் வட்டம் செய்யுங்கள். தட்டையான கிண்ணத்தில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர். அதில் பிள்ளைகள் பொறுக்கிய ஃபிர் என்ற ஊசியிலை மரத்தின் கிளை நுனி, காய்ந்த இலை, காட்டு ரோஜாக் காய், ஆரஞ்சு வட்டம். ஒரு கம்பளி நூலை மடித்து இரண்டு முனையும் தண்ணீருக்குள் இருக்கும்படி விட்டு, இரவு முழுக்க வெளியே வைத்தால் காலையில் கிளையில் தொங்கவிடலாம். யூ மரத்தின் சிவப்புப் பழத்தை மட்டும் எடுக்காதீர்கள், விதையும் இலையும் விஷம். கடுங்குளிர் என்றால் வாளி நிறைய தண்ணீர் வைத்து ஐஸ் விளக்கே செய்யலாம். சுவர்ப்பக்கமும் மேல்பரப்பும்தான் முதலில் உறையும், நடுவில் தண்ணீராகவே இருக்கும். வாளியின் வெளிப்பக்கம் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக் கவிழ்த்து, நடுத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் மெழுகுவத்தி வைக்கக் குழி தயார். எவ்வளவு நேரம் என்பது குளிரைப் பொறுத்தது, முழுக்க உறைந்துவிட்டால் அது வெறும் ஐஸ் கட்டி.

பறவைகளுக்கு உணவு செய்வதை விட்டுவிடாதீர்கள், எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. உப்பில்லாத கட்டித் தேங்காய்க் கொழுப்பு அரைக் கிலோ, சூரியகாந்தி விதையும் ஓட்ஸும் கலந்து அரைக் கிலோ. கொழுப்பை மெல்லிய சூட்டில் உருக்குங்கள், கொதிக்க விடாதீர்கள், ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் பிறகு உதிராது. விதைகளைக் கொட்டிக் கிளறி, இறுகத் தொடங்கும்போது கொட்டாங்குச்சியில் அடைத்து நடுவில் ஒரு குச்சியைச் செருகுங்கள், பறவை உட்கார. ஆமாம், கொட்டாங்குச்சிதான். இங்கே குளிர்காலத்தில் கடைகளில் பறவை உணவு அடைத்த அரைக் கொட்டாங்குச்சியைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள், நாம் சட்னிக்குத் துருவிவிட்டுத் தூக்கிப்போடுவதை. மஞ்சள் வயிறும் கருப்புத் தலையும் கொண்ட டிட் குருவிகள் தலைகீழாகத் தொங்கியே கொத்தும். நெஞ்சு சிவந்த ராபினுக்கு அந்த வித்தை வராது, அதற்கு ஓட்ஸைத் தரையோரம் தூவ வேண்டும். இந்த வித்தியாசத்தை நாங்கள் யாரும் பாடமாக நடத்துவதில்லை, ஜன்னலோரம் நின்று பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்கிறார்கள். கடையில் பிளாஸ்டிக் வலையில் தொங்கும் உருண்டைகளை வாங்கினால் வலையைக் கழற்றிவிடுங்கள், பறவையின் கால் சிக்கிக்கொள்ளும்.

உள்ளே வந்ததும்

ஈரம் கழற்றி, கம்பளிக் காலுறை மாட்டி, வெதுவெதுப்பான மூலிகைத் தேநீர் கொடுத்தபின் வட்டமாக உட்காருகிறோம். இங்கேதான் விரல் விளையாட்டுகள். ஜெர்மன் பாட்டுகள் நிறைய இருக்கின்றன, ஆனால் உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாக அப்பாவுக்கு அம்மாவுக்கு என்று சோறு ஊட்டி, கடைசியில் நண்டு ஊர்ந்து அக்குள் வரை போகுமே, அதைவிட நன்றாகக் கையைச் சூடாக்கும் விளையாட்டை நான் இங்கே பார்க்கவில்லை. எங்கள் வகுப்பில் ஜெர்மன் பிள்ளைகளும் கையை நீட்டிக்கொண்டு வருவார்கள்.

பிறகு நீண்ட சுதந்திர விளையாட்டு. மரச்சட்டங்கள், சாயம் தோய்த்த பெரிய துணிகள், துணி மாட்டும் கிளிப், மரக்கட்டைகள், இலையுதிர் காலத்தில் பொறுக்கிய காட்டுச் செஸ்ட்நட் கொட்டைகள், பைன் கூம்புகள். இவ்வளவுதான். குளிர்காலத்தில் சொல்லிவைத்த மாதிரி கரடிக் குகை கட்டுவார்கள், உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார்கள், ஒருவர் எழுப்புவார், மறுபடி படுப்பார்கள். இதை நாலு வாரம் விளையாடினாலும் தலையிடாதீர்கள். கரடி எப்போது விழிக்கும், எத்தனை கரடி என்று கேட்டுப் பாடமாக்கினால் விளையாட்டு அத்தோடு போச்சு. இந்த நேரத்தில் பெரியவர் சும்மா உட்கார்ந்து கண்காணிப்பதும் சரியில்லை. ஒரு உண்மையான வேலையை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்: கிழிந்த துணி தைப்பது, ஆப்பிள் நறுக்குவது, துணிக்கு இஸ்திரி போடுவது. போன் பார்ப்பது வேலையில் சேராது.

ஜன்னல் நட்சத்திரம் மடிப்பதை நான் இந்த நேரத்துக்கு வைத்திருப்பேன். ஒளி ஊடுருவும் பட்டத் தாளில் பத்து சென்டிமீட்டர் சதுரம் எட்டு. ஒவ்வொன்றையும் மூலைவிட்டமாக மடித்துப் பிரித்து, ஒரு மூலையின் இரண்டு பக்கங்களையும் அந்தக் கோட்டுக்குக் கொண்டுவந்து மடித்தால் பட்டம் போல் வரும். கூர்மையான முனை வெளியே, மடிக்காத சதுர மூலை நடுவில். ஒன்றின் நடுக்கோட்டோடு அடுத்ததின் ஓரத்தைச் சேர்த்து ஒட்டிக்கொண்டே வந்தால் எட்டாவது தாளில் வட்டம் முடியும், கடைசித் தாளின் பாதியை முதல் தாளுக்கு அடியில் செருக வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே இதைச் செய்யச் சொல்லாதீர்கள், பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். பசை தடவ ஓடி வருவார்கள், அதைக் கொடுங்கள்.

அறை மூலையில் அந்தந்தப் பருவத்துக்கு ஏற்ற பொருள்களை அடுக்கும் பருவ மேசை ஒன்று உண்டு. கொலு வைத்துப் பழகிய வீட்டுக்கு இது சட்டென்று புரியும், ஆனால் கொலுப் பொம்மையைத் தொடாதே என்போம், இது தொடுவதற்கென்றே இருப்பது. நீலமும் வெள்ளையுமாகத் துணி, ஒரு மரவேர், பிய்த்த கம்பளிப் பஞ்சு, படிகக் கல், கம்பளியில் செய்த குளிர்கால அரசர். எல்லாவற்றையும் ஒரே நாளில் வைக்காதீர்கள், ஒரு வாரத்துக்கு ஒரு பொருள் கூடட்டும். என்ன மாறியது என்று நீங்கள் அறிவிக்கவும் வேண்டாம்.

தேன்மெழுகும் சாயமும் கம்பளியும்

களிமண் குளிர்காலத்துக்கு ஆகாது, கையின் சூட்டை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் தேன்மெழுகு. எலுமிச்சம்பழத்தில் பாதியளவு துண்டு ஒரு பிள்ளைக்குப் போதும், பெரிதாகக் கொடுத்தால் இளகவே இளகாது. முதலில் கல் போலத்தான் இருக்கும். மூடிய கைக்குள் வைத்திருக்கச் சொல்லி, ஒரு சின்னக் கதையைத் தொடங்குங்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். சிலர் அக்குளில் வைப்பார்கள், சிலர் தொடைக்கு அடியில் வைத்து உட்காருவார்கள், எல்லாம் சரிதான். மெழுகின் ஓரம் விரலுக்கு வளையத் தொடங்கியதும் தேன்கூட்டு வாசனை வரும், அப்போது எல்லோரும் மூக்கருகே கொண்டுபோவார்கள். நீங்கள் ஒரு துண்டைப் பிசைந்து ஒரு முயலோ பறவையோ மெல்லச் செய்யுங்கள், தனித்தனி உறுப்பாக ஒட்டாமல் முழு உருண்டையிலிருந்தே காதையும் வாலையும் இழுத்தெடுங்கள். "இது என்ன?" என்று எந்தப் பிள்ளையையும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி வந்ததும் அதுவரை சும்மா உருட்டிக்கொண்டிருந்த குழந்தை உங்களுக்காக ஒரு பெயரைத் தேட ஆரம்பித்துவிடும். அவசரத்தில் ரேடியேட்டர் (அறையைச் சூடாக்கும் கருவி) மேல் வைத்து இளக்கலாமா என்று கேட்பார்கள். ரொம்பக் குளிர்ந்த அறையில் வெந்நீர்ப் பை மேல் சற்று நேரம் வைக்கலாம், ஆனால் கையில் இளகும் அந்தப் பத்து நிமிடத்தை முழுசாக வெட்டிவிடாதீர்கள்.

ஓவியம் வாரத்தில் ஒரு நாள். கனமான தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, பலகையில் ஒட்டி, பஞ்சால் ஒற்றி, அகலத் தூரிகையால் ஈரத்தின் மேல் ஈரச் சாயம். ஜனவரியில் நீலம் மட்டுமே, பிப்ரவரியில் பக்கத்தில் மஞ்சள். நீலம் மட்டும் கொடுத்தால் சலிக்காதா என்பார்கள், பிள்ளைகள் கேட்பதில்லை, பெரியவர்கள்தான் கேட்கிறார்கள். காய்ந்த தாளின் மேல் சமையல் எண்ணெய் தேய்த்தால் வெளிச்சம் ஊடுருவும். நவம்பர் 11 செயின்ட் மார்ட்டின் நாள் ஊர்வலத்துக்கு இங்கே இப்படித்தான் லாந்தர் செய்கிறார்கள், அதற்கு ஓவியத்தை அக்டோபரிலேயே முடித்துவிட வேண்டும்.

ஃபெல்ட் என்பது கம்பளி இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்குவது. ஃபெல்ட் பந்துக்குக் கோதிய கம்பளிப் பஞ்சை மெல்லிய இழைகளாகப் பிய்த்து, ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுங்கள். குழந்தையின் கை தாங்கும் சூட்டில் சோப்புத் தண்ணீர். ஆரம்பத்தில் சோப்பு நுரைக்குள் கை படுகிறதோ இல்லையோ என்று உருட்ட வேண்டும், அழுத்தினால் பந்துக்குப் பதில் மடிப்பு விழுந்த கட்டி வரும். மேல்தோல் பிடித்த பிறகு அழுத்தலாம். ஆரஞ்சு அளவில் தொடங்கினால் எலுமிச்சை அளவில் முடியும். தண்ணீர் ஆறினால் உடனே மாற்றுங்கள், சூடு இல்லாமல் கம்பளி பிடிக்காது. ஊசியால் குத்திச் செய்யும் ஃபெல்ட் இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம். விரல் பின்னல் ஐந்து வயதுக்கு மேல், அதுவும் கேட்டு வருபவர்களுக்கு மட்டும்.

ரொட்டிக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மாவு அரைக் கிலோ, வெதுவெதுப்பான தண்ணீர் 300 மில்லி, உலர் ஈஸ்ட் 7 கிராம், உப்பு 10 கிராம். பதினாறு சின்ன ரொட்டி வரும், 200 டிகிரியில் இருபது நிமிடம். குளிர்ந்த அறையில் மாவு பொங்க நேரமாகும் என்பதால் வெளியே போகும் முன்பே பிசைந்து ரேடியேட்டர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போங்கள்.

கதையைப் படிக்காமல் மனப்பாடமாகச் சொல்லுங்கள், ஒரே கதையை இரண்டு வாரம். பனிக்காலத்தில் இங்கே ஃபிராவ் ஹோல கதைக்குத்தான் மவுசு. அவள் வீட்டு இறகு மெத்தையை நன்றாக உதறினால் பூமியில் பனி பெய்யும். கிரிம் சகோதரர்களின் 1812 நாட்டுப்புறக் கதைத் தொகுப்பிலேயே இது இருக்கிறது. கதை முடிந்த மறுநாள் தலையணை எல்லாம் ஜன்னலோரம் உதறப்படும், தையல் பிரிந்த தலையணையை முன்கூட்டியே எடுத்து ஒளித்துவிடுங்கள்.

நெருப்பு வேலைகள்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களான அட்வென்ட் தொடக்கத்தில் ஃபிர் கிளைகளைத் தரையில் சுருளாக அடுக்கி, இருட்டிய அறையில் ஒவ்வொரு பிள்ளையாக ஆப்பிளில் செருகிய மெழுகுவத்தியோடு நடுவே நடந்து போய், அங்கே எரியும் மெழுகுவத்தியில் பற்றவைத்து, திரும்பி வரும் வழியில் வைத்துவிட்டு வருவது வால்டோர்ஃப் வழக்கம். அழகாகத்தான் இருக்கும், ஆனால் கிளை பச்சையாக இருக்க வேண்டும், தலைமுடி கட்டியிருக்க வேண்டும், நைலான் உடுப்பு கூடாது, தண்ணீர் வாளி கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மூன்று வயதுக்காரர்களோடு ஒரு பெரியவர் நடக்கட்டும். கார்த்திகைத் தீபமும் ஏறக்குறைய இதே வாரங்களில் வருவதால் நம் பிள்ளைகளின் வீட்டிலிருந்து அகல்விளக்கு வந்தால் அதையும் பருவ மேசையில் வைக்கிறோம்.

மெழுகுவத்தி தோய்ப்பதை நாங்கள் பிப்ரவரி 2, கேண்டில்மஸ் என்ற கிறிஸ்தவ மெழுகுவத்தித் திருநாளை ஒட்டிச் செய்கிறோம். உயரமான தகர டப்பாவில் தேன்மெழுகு, அந்த டப்பா தண்ணீர்ப் பாத்திரத்துக்குள், அடியில் மின்சார அடுப்பு. மெழுகை நேரடியாக அடுப்பில் ஏற்றவே கூடாது. 62 முதல் 64 டிகிரியில் உருகும், 70ஐ ஒட்டி வைத்திருங்கள். பருத்தித் திரியை விட்டு உடனே தூக்க வேண்டும், "உள்ளே, வெளியே" என்று சொல்லும் நேரம்தான். நின்று வேடிக்கை பார்த்தால் முன்பு ஒட்டிய மெழுகும் உருகி ஓடிவிடும். தோய்த்த பிள்ளை அறையைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும், அந்த நடையில்தான் மெழுகு ஆறும். இருபது முப்பது சுற்று போனால் சுண்டுவிரல் பருமன் வரும். இடையில் கோணிவிட்டால் சூடாக இருக்கும்போதே பலகையில் உருட்டி நிமிர்த்தலாம். டப்பாவில் மெழுகின் மட்டம் இறங்கிவிட்டால் மெழுகு வாங்க ஓட வேண்டாம், கொஞ்சம் வெந்நீரை ஓரமாக ஊற்றுங்கள், தண்ணீர் அடியில் போய் மெழுகை மேலே தூக்கும். அடுப்புப் பக்கத்தில் ஒரு பெரியவர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும், கையில் டப்பாவுக்குப் பொருந்தும் மூடியோடு. மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடித்தான் அணைக்க வேண்டும்.

சாமான் வாங்கும் விஷயத்தில், எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்காதீர்கள், வால்டோர்ஃப் என்ற பெயர் ஒட்டிய கடைகளில் விலை கண்ணைக் கட்டும். பட்டுத் துணிக்குப் பதில் பழைய பருத்திப் புடவையை வெட்டிச் சாயம் தோய்த்தால் கரடிக் குகைக்கு அதுவே போதும். தேன்மெழுகைத் தேனீ வளர்ப்பவர்களிடம் நேராகக் கேட்டுப் பாருங்கள், சில சமயம் மலிவாகக் கிடைக்கும். காசு போடுவதென்றால் நல்ல கம்பளி உள்சட்டையிலும் நல்ல மிட்டனிலும் போடுங்கள்.

அப்புறம், ஸ்வெட்டரில் மெழுகு சொட்டினால் ஈரமாக இருக்கும்போது தேய்க்காதீர்கள். இறுகவிட்டு நகத்தால் பெயர்த்து, மிச்சத்தின் மேலும் கீழும் பழுப்புக் காகிதம் வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள், காகிதம் உறிஞ்சிக்கொள்ளும். கறை தெரியாத வரை காகிதத்தை மாற்றி மாற்றி வைக்க வேண்டும்.